வெஸ்டர்போர்க்கில் 14 தட்டுகள்

எங்கள் பக்ரறியில் என்னோடு ஒரே இயந்திரத்தில் நிற்பவர் ஒரு மொலுக்கர். நான் இந்தப் பக்கத்தால் தகட்டை உள்ளே தள்ளுவேன். வளைந்து வருவதை அவர் அந்தப் பக்கத்தால் இழுத்து எடுப்பார். காதில் அடைப்பான் போட்டிருப்பதால் வேலை நேரத்தில் கதையில்லை. கதையெல்லாம் பத்து மணித் தேநீருக்குத்தான். அப்படி ஒரு தேநீர் நேரத்தில், மேசையில் கிடந்த ஒரு சஞ்சிகையில் கருந்துளையின் படத்தைக் காட்டி, "இதெல்லாம் என் அம்மா வளர்ந்த முகாமிலிருந்து தொடங்கிய வேலை" என்றார்.

அந்தப் படத்துக்கும் அந்த முகாமுக்கும் நேரடித் தொடர்பில்லை என்று பிறகு அறிந்தேன். ஆனால் மனிதர் முழுப் பொய்யும் சொல்லவில்லை. நெதர்லாந்தின் வடகிழக்கில், ட்ரெந்த மாகாணத்தில், வெஸ்டர்போர்க் என்ற பெயருடைய பழைய அகதி முகாமின் ஓரத்தில் 14 பெரிய வானொலித் தொலைநோக்கிகள் வரிசையாக நிற்கின்றன. பதினான்கையும் இணைத்து ஒரே தொலைநோக்கியாகப் பாவிப்பதற்காகக் கட்டியவை. அதோடு, கண்டங்களைத் தாண்டிப் பரந்து கிடக்கும் இன்னும் பெரிய ஓர் இணைப்பிலும் அந்த இடம் ஒரு புள்ளி. அகதி முகாம் என்ற சொல்லும் தொலைநோக்கி என்ற சொல்லும் ஒரே வாக்கியத்தில் வந்தது எனக்கு வியப்பாக இருந்தது. புரட்டாதி மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவருடைய காரில் புறப்பட்டோம்.

ஹோக்ஹாலன் என்ற சிற்றூரில் ஒரு நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. கார் அதுவரைதான். அங்கிருந்து முகாம் இருந்த இடத்துக்குக் காட்டு வழியாகக் கிட்டத்தட்ட 3 கிலோமீற்றர். பேருந்து விடுகிறார்கள். நாங்கள் நடந்தோம். காரை மறிப்பதற்குக் காரணம் மரங்களோ மான்களோ அல்ல. கார் எஞ்சினில் பற்றும் தீப்பொறிகூட வானொலி அலையைக் கிளப்பும். கைத்தொலைபேசியை முற்றாக நிறுத்தச் சொல்கிறார்கள். நிலவில் நின்று ஒருவர் கைத்தொலைபேசியில் கதைத்தால், அது இந்தத் தட்டுகளுக்கு வானத்தின் மிகப் பிரகாசமான பொருட்களில் ஒன்றாகத் தெரியுமாம். அப்படியிருக்க, என் காற்சட்டைப் பைக்குள் ஒன்று கிடந்தால் எப்படியிருக்கும்! நிறுத்தினேன். நிறுத்துவதற்கு எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வழியோரத்தில் சூரிய குடும்பத்தைச் சுருக்கிக் கிரகங்களை வைத்திருக்கிறார்கள். பைன் மரங்கள், பன்னங்கள், ஈர மண். நண்பர் ஒன்றும் பேசாமல் நடந்தார். காடு முடிந்து வெளி தெரிந்ததும் முதலில் கண்ணில் பட்டவை தட்டுகள்தான். மரங்களுக்கு மேலால் வெள்ளையாக, எல்லாம் ஒரே பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. மாடுகள் மழைக்கு ஒரே பக்கம் திரும்பி நிற்குமே, அதுபோல.

தட்டுகளுக்குப் போகுமுன் முகாமைச் சொல்லவேண்டும். அதைத் தாண்டாமல் தட்டுகளிடம் போக முடியாது.

யேர்மனியிலிருந்து தப்பி வந்த யூத அகதிகளுக்காக நெதர்லாந்து அரசு 1939இல் இந்த முகாமைக் கட்டியது. முதலில் வேறோர் இடத்தைத்தான் பார்த்திருந்தார்கள். அது அரண்மனைக்குக் கிட்ட இருக்கிறது என்று ராணியின் பக்கத்திலிருந்து மறுப்பு வந்ததால், ஒருவர் கண்ணிலும் படாத இந்தத் தரிசு நிலத்துக்குத் தள்ளினார்கள். கட்டிய செலவையும் யூத சமூகத்தின் தலையிலேயே போட்டார்கள். 1942 ஆடியில் நாசிகள் பொறுப்பெடுத்தார்கள். அகதிகளுக்குக் கட்டிய முகாம், மரணத்துக்கு அனுப்பும் முகாமாக மாறிற்று. பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில் புகையிரதம் புறப்படும். ஆன் பிராங்கும் இங்கிருந்துதான் 1944 செப்ரெம்பர் 3ஆம் திகதி போனாள். அதுதான் இங்கிருந்து அவுஷ்விற்ஸுக்குப் போன கடைசிப் புகையிரதம். இந்த முகாமால் போனவர்களில் திரும்பி வராதவர்கள் 102,000 பேர். முன்பு அணிவகுத்துப் பெயர் கூப்பிட்ட திடலில் இன்று 102,000 சிறு கற்களை நட்டு வைத்திருக்கிறார்கள், ஆளுக்கு ஒன்றாக. கற்களின் உயரம் ஒன்றுபோல் இல்லை. அதைப் பார்த்தால் கூட்டமாக ஆட்கள் நிற்பது போலவே இருக்கும்.

போர் முடிந்ததும் முகாம் காலியாகவில்லை. 1951இல் மொலுக்கர் வந்தார்கள். இந்தோனேசியாவில் ஒல்லாந்தரின் இராணுவத்தில் இருந்த மொலுக்கத் தீவுக்காரர் அவர்கள். அந்த நாடு சுதந்திரம் அடைந்த பிறகு, குடும்பங்களோடு ஏறக்குறைய 12,500 பேரைக் கப்பலில் இங்கே கொண்டுவந்தார்கள். கொஞ்ச காலத்துக்குத்தான், பிறகு திரும்பலாம் என்ற கதை. அதில் ஒரு பகுதியினர் இந்த முகாமில், வேறு பெயர் வைத்து, அதே மரக்கொட்டில்களில் 1971 வரை இருந்தார்கள். என் நண்பரின் தாய் இங்கே பிறந்தவர். "ஆறு மாதத்துக்கு என்று வந்தவர்கள். என் அம்மம்மா சூட்கேசைக் கட்டிலுக்குக் கீழிருந்து அலுமாரிக்கு மாற்றவே பதினைந்து வருடம் எடுத்தாள்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு சூட்கேஸ் உண்டு.

அந்தத் தாய்க்குப் பத்து வயதளவில்தான், அறுபதுகளின் கடைசியில், முகாமின் பக்கத்தில் இரும்புத் தட்டுகள் ஒவ்வொன்றாக எழும்பியிருக்கின்றன. "அவை எல்லாவற்றையும் கேட்கும் என்று பெரியவர்கள் சொன்னதால் பிள்ளைகள் அந்தப் பக்கம் போனால் குசுகுசுத்துத்தான் கதைப்பார்களாம்." 1970 மே 4ஆம் திகதி யூலியானா ராணி இங்கே வந்து, தண்டவாளம் மேல்நோக்கி முறுகி நிற்கும் நினைவுச் சின்னத்தைத் திறந்துவைத்தார். அதே ஆண்டு யூன் 24ஆம் திகதி திரும்பவும் வந்து தொலைநோக்கியைத் திறந்துவைத்தார். இடையில் ஏழு கிழமை. கொட்டில்களில் அப்போதும் ஆட்கள் இருந்தார்கள்.

இனித் தட்டுகள். நான் சாதாரண தர வகுப்பைக்கூட முடிக்காதவன். ஆனால் இரும்பைத் தெரியும். ஒவ்வொரு தட்டும் 25 மீற்றர் விட்டம். கிட்டப்போய்ப் பார்த்தால் அது தகடு அல்ல, வலை. அரிதட்டுப் போல அதனூடாக வானம் தெரிகிறது. ஓட்டைத் தட்டு எதைப் பிடிக்கும் என்று முதலில் யோசித்தேன். இது பிடிக்கும் முக்கியமான அலையின் நீளம் 21 சென்ரிமீற்றர். அவ்வளவு நீளமான அலைக்கு இந்தச் சின்ன ஓட்டைகள் ஓட்டைகளே அல்ல, வழவழப்பான கண்ணாடிதான். காற்றும் வலைக்குள்ளால் போய்விடும், இரும்புச் செலவும் மிச்சம். கெட்டிக்கார வேலை.

அந்த 21 சென்ரிமீற்றருக்கும் ஒரு கதை இருக்கிறது. வானவெளியில் எங்கும் நிறைந்திருக்கும் ஐதரசன் அணு இந்த நீளத்தில் அலையை வெளியிடும் என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் வான் டி ஹுல்ஸ்ட் என்ற ஒல்லாந்து மாணவர். ஆண்டு 1944. நாடு நாசிகளின் கையில், இந்த முகாமிலிருந்து புகையிரதங்கள் போய்க்கொண்டிருந்த அதே ஆண்டு. 1951இல் அமெரிக்கர் அந்த அலையைப் பிடித்தார்கள். சில வாரங்களில் ஒல்லாந்தரும் பிடித்தார்கள். யேர்மன் இராணுவம் விட்டுப்போன 7.5 மீற்றர் ராடார்த் தட்டு ஒன்றை வானத்துக்குத் திருப்பித்தான் பிடித்தார்கள். விமானத்தைச் சுட்டு விழுத்த உதவிய தட்டு.

ஒரு தட்டு போதாதா, ஏன் 14? ஒரு 25 மீற்றர்த் தட்டால் 21 சென்ரிமீற்றர் அலையில் பார்த்தால், முழுநிலவின் அளவிலும் கொஞ்சம் பெரிய இடம் ஒரே புள்ளியாகத்தான் தெரியும். அதற்குள் ஆயிரம் விடயம் இருந்தாலும் ஒன்றாகக் குழம்பிவிடும். கூர்மை வேண்டுமானால் தட்டு பெரிதாக வேண்டும். கிலோமீற்றர்க் கணக்கில் விட்டமுள்ள இரும்புத் தட்டை யார் கட்டுவது? கட்டினாலும் தன் பாரத்திலேயே முறியும். இதற்கு இங்கிலாந்தில் மார்ட்டின் ரைல் என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் வழி கண்டார்கள். பெரிய தட்டின் எல்லாப் பகுதியும் தேவையில்லை. தூரத்தூரமாகச் சில துண்டுகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே அலை எவ்வளவு முந்தி, எவ்வளவு பிந்தி வந்து சேர்ந்தது என்று சோடி சோடியாக ஒப்பிட்டால் போதும். மீதியைப் பூமியே செய்யும். பூமி சுழலச் சுழல, வானத்திலிருந்து பார்ப்பவருக்குத் தட்டுகளின் வரிசையும் திரும்பிக்கொண்டே போகும். கிழக்கு மேற்காக நிற்கும் ஒரு வரிசை 12 மணித்தியாலத்தில் அரை வட்டம் திரும்பி, இல்லாத அந்தப் பெரிய தட்டின் இடங்களை ஒவ்வொன்றாக நிரப்பிவிடும். ரைலுக்கு 1974இல் நோபல் பரிசு கிடைத்தது.

வெஸ்டர்போர்க்கில் 10 தட்டுகள் 144 மீற்றர் இடைவெளியில் அசையாமல் நிற்கின்றன. 4 தட்டுகள் தண்டவாளத்தில் நகரும். முழு வரிசை 2.7 கிலோமீற்றர். இரண்டிரண்டாகச் சேர்த்தால் 91 சோடி வரும். முழுநிலவின் அகலத்தை இப்போது நூறு துண்டுக்கு மேல் பிரித்துப் பார்க்கலாம். அந்தத் தண்டவாளத்தைப் பார்த்தபோது நண்பரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கொஞ்சத் தூரத்தில்தான் மற்றத் தண்டவாளம் முறுகி நிற்கிறது.

இவற்றால் என்ன கண்டார்கள்? ஒன்றைச் சொல்கிறேன். 1978இல் அல்பேர்ட் பொஸ்மா என்ற ஆய்வு மாணவர், இந்தத் தட்டுகளால் பல நட்சத்திர மண்டலங்களின் ஐதரசனை அளந்தார். நடுவிலிருந்து தூரம் போகப்போக வாயு மெதுவாகச் சுற்றவேண்டும். ஆனால் வெளிச்சம் முடிந்த இடத்துக்கும் அப்பால் அது வேகம் குறையாமலே சுற்றியது. பிடித்து வைத்திருக்க ஏதோ பாரம் அங்கே இருக்கவேண்டும், கண்ணுக்குத் தெரியாத பாரம். அமெரிக்காவில் வேரா ரூபின் கண்ணாடித் தொலைநோக்கிகளால் கண்டதும் இதுவே. கரும்பொருள் என்று இன்று சொல்வதற்கு உறுதியான ஆதாரங்களில் இதுவும் ஒன்று.

வரிசையின் கடைசித் தட்டோடு கதை முடியவில்லை. 2.7 கிலோமீற்றர் வரையில் தட்டுகளைக் கம்பியால் இணைக்கலாம். இன்னும் கூர்மை வேண்டுமென்றால் இன்னும் தூரம் வேண்டும். நாடுகளுக்கும் கடல்களுக்கும் குறுக்கே அறுபதுகளில் எந்தக் கம்பியை இழுப்பது? இந்த இடத்தை விளங்கிக்கொள்ள எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை.

2009 ஆரம்பத்தில் வன்னியில் ஒரு வயலின் இந்தக் கரையில் எங்கள் பதுங்குகுழி, அந்தக் கரையில் மாமாவினது. இடையில் அரைக் கிலோமீற்றர் இருக்கும். அண்ணா உயர்தரம் கணிதம் படித்தவர். வானொலிச் செய்திக்கு முன்னால் வரும் 'பீப்' சத்தத்துக்குத் தன்னுடைய கைக்கடிகாரத்தையும் மாமாவினதையும் செக்கன் பிசகாமல் சரிசெய்து வைத்தார். எறிகணை ஏவும் குத்துச் சத்தம் கேட்டால், இருவரும் தத்தமது குழிக்குள் இருந்தபடி நேரத்தைக் கொப்பியில் குறிக்கவேண்டும். ஓய்ந்த பிறகு அண்ணா ஓடிப்போய் இரண்டு கொப்பியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். எங்களுக்கு ஒரு செக்கன் முந்திக் கேட்டிருந்தால் சத்தம் இந்தப் பக்கம், மாமாவுக்கு முந்தியிருந்தால் அந்தப் பக்கம். குழியின் வாசலை எந்தத் திசைக்கு மறைத்துக் கட்டுவது என்று அதை வைத்துத்தான் தீர்மானித்தோம். ஒரு கொப்பி மட்டும் இருந்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. மணிக்கூடு பிசகினாலும் இல்லை.

இணைந்த வானொலித் தொலைநோக்கிகளின் வேலை இதுதான். ஒவ்வொரு நிலையமும் தனக்குக் கேட்டதைத் தனியே பதிந்துகொள்ளும். பதிவில் செக்கனுக்குச் செக்கன் நேரம் குறித்திருக்கும். பிறகு எல்லாப் பதிவையும் ஓரிடத்துக்குக் கொண்டுவந்து, நேரத்துக்கு நேரம் ஒட்டிப் பார்ப்பார்கள். அண்ணாவுக்கு ஒரு செக்கன் போதும். இவர்களுக்குப் போதாது. வானொலி அலை ஒரு செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்குக்குள் 30 சென்ரிமீற்றர் ஓடிவிடும். ஆகவே ஒவ்வொரு நிலையத்திலும் ஓர் ஐதரசன் அணுக்கடிகாரம் வைத்திருக்கிறார்கள். பல இலட்சம் ஆண்டுகளுக்கு ஒரு செக்கன்கூடப் பிசகாத கடிகாரம். (எங்கள் பக்ரறியில் அட்டை குத்தும் மணிக்கூடு கிழமைக்கு இரண்டு நிமிடம் முந்தும், வேலைக்கு வரும்போது மட்டும்.)

1967இல் கனடாவில் ஒன்ராறியோவிலிருந்த ஒரு தட்டையும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்த ஒரு தட்டையும், 3,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட இடைவெளியில், இந்த முறையால் முதன்முதலில் சேர்த்தார்கள். தொலைக்காட்சி நிலையத்தில் பாவிக்கும் நாடாக் கருவிகளில்தான் பதிந்தார்கள். அமெரிக்கரும் அதே ஆண்டில் செய்தார்கள். இரண்டு வருடத்தில், 1969இல், அமெரிக்காவின் கிறீன்பாங்க் தட்டையும் சோவியத் கிரிமியாவின் தட்டையும் இணைத்தார்கள். ஒருவர் மேல் ஒருவர் அணுகுண்டைக் குறிவைத்திருந்த காலம். அமெரிக்கர் தங்கள் நாடாக் கருவியையும் கடிகாரத்தையும் காவிக்கொண்டு சோவியத்துக்குப் போயிருக்கிறார்கள். எதிரி தூரத்தில் இருப்பதே அவர்களுக்குத் தேவையாக இருந்தது. கிட்ட இருப்பவனோடு சேர்ந்தால் கூர்மை வராது.

ஐரோப்பிய நிலையங்கள் 1980இல் ஒரு வலையமைப்பாகச் சேர்ந்தன. யேர்மனியில் எபல்ஸ்பேர்க்கின் 100 மீற்றர்த் தட்டு, இங்கிலாந்தில் யொட்றல் பாங்க், சுவீடனில் ஒன்சலா, போலந்தில் தொருன், இத்தாலியிலும் ஸ்பெயினிலும் சில, தென்னாபிரிக்காவில் ஒன்று, சீனாவில் ஷங்காயிலும் உரும்சியிலும். எங்கள் ஆட்கள் இருக்கும் நாடுகளின் பட்டியலோடு பாதி ஒத்துப்போகிறது. இவையெல்லாம் பதிந்தது வந்து சேரும் இடம் இதே ட்ரெந்த மாகாணத்தில் ட்விங்கலோ என்ற கிராமம். வெஸ்டர்போர்க்கிலிருந்து காரில் அரை மணித்தியாலம். பின்னேரம் அங்கும் போனோம்.

ட்விங்கலோவில் பற்றை வெளியின் ஓரத்தில் 1956இல் கட்டிய ஒரு பழைய 25 மீற்றர்த் தட்டு நிற்கிறது. இப்போது அது தேசிய நினைவுச் சின்னம். ஆர்வமுள்ள பொதுமக்கள் சேர்ந்து பழுதுபார்த்து இயக்குகிறார்கள். அதன் பக்கத்திலுள்ள ஆராய்ச்சிக் கட்டடத்தில்தான் 1993இல் இந்த ஒட்டிப் பார்க்கும் நிலையத்தைத் தொடங்கினார்கள். சனிக்கிழமையாதலால் ஆளரவமில்லை. மாமரமளவு உயரமான ஓக் மரங்கள், சைக்கிள் நிறுத்தும் கம்பிகள், அவ்வளவுதான். முன்பு இங்கே நாடாச் சுருள்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். பிறகு கணனித் தட்டுகள் வந்தன. 2000களின் நடுப்பகுதியிலிருந்து நிலத்தடிக் கண்ணாடியிழைகளால் அந்தந்த நேரமே வந்து சேரவும் தொடங்கின. இந்த வலையால் பார்த்தால், நிலவில் நிற்கும் ஓர் ஆளின் உயரம் ஒரு புள்ளியாகத் தெரியும் அளவுக்குக் கூர்மை வரும்.

இந்தக் கட்டடத்தின் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது 2005 சனவரி 14ஆம் திகதியினது. சனிக் கிரகத்தின் ரைட்டன் என்ற நிலவுக்குள், ஹொய்கன்ஸ் என்ற சிறிய விண்கலம் பரசூட்டில் இறங்கியது. அது அனுப்பும் செய்திகளை மேலே பறக்கும் தாய்க்கலம் கசினி இரண்டு வழிகளில் பிடித்துப் பூமிக்கு அனுப்பவேண்டும். கட்டளையில் ஒரு வரி விடுபட்டுப் போனதால், தாய்க்கலம் ஒரு வழியைத் திறக்கவேயில்லை. அந்த வழியில் வந்த படங்கள் போனது போனதுதான். ரைட்டனில் காற்று எவ்வளவு வேகத்தில் வீசுகிறது என்று அளக்கும் பரிசோதனையும் அந்த வழியை நம்பியே இருந்தது. வருடக்கணக்காக உழைத்தவர்கள் தலையில் கைவைத்தார்கள்.

ஆனால் அந்த நேரத்தில் 120 கோடி கிலோமீற்றர் தள்ளிப் பூமியில், அமெரிக்கா, அவுஸ்திரேலியா, யப்பான், சீனா என்று 17 வானொலித் தொலைநோக்கிகள் அந்தச் சிறிய கலத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. ட்விங்கலோக்காரர் ஒழுங்கு செய்தது. கலத்தின் குரல் கைத்தொலைபேசியின் பலத்தைவிடப் பெரிதாக ஒன்றுமில்லை. தாய்க்கலத்துக்காகப் பேசிய அந்தக் குரல், 67 நிமிடம் பயணம் செய்து இங்கே வந்து சேர்ந்தது. இறங்க இறங்க அந்தக் குரலில் ஏற்பட்ட சிறு மாற்றங்களை வைத்து, காற்று கலத்தை எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளியது என்று கணக்கிட்டார்கள். மேலே மணிக்கு 400 கிலோமீற்றருக்கும் அதிகம். கேட்கவேண்டியது கேட்காமல் போனபோது, தூரத்தில் சிதறியிருந்தவை பதிந்து வைத்திருந்தன.

பத்திரிகைகள் கொண்டாடியது கருந்துளையைத்தான். அதையும் குறைத்துச் சொல்லமாட்டேன். 2017 சித்திரையில் எட்டுத் தொலைநோக்கிகள் பூமியளவு தூரத்தில் சேர்ந்து பார்த்தன. தென்துருவத்தின் பதிவுப் பெட்டிகள் அங்கே குளிர்காலம் முடிந்து விமானம் பறக்கும்வரை காத்துக் கிடந்தன. 2019 ஏப்ரல் 10ஆம் திகதி படம் வெளியானது. 5.5 கோடி ஒளியாண்டுக்கு அப்பால், சூரியனைப்போல் 650 கோடி மடங்கு பாரமுள்ள ஒரு கருந்துளையைச் சுற்றி ஒளி வளையம். பூமியிலிருந்து அதன் அளவு, நிலவில் வைத்த ஒரு தோடம்பழத்தின் அளவு. 2022 மே மாதத்தில் எங்கள் பால்வீதியின் நடுவிலுள்ள கருந்துளையின் படத்தையும் வெளியிட்டார்கள்.

ஆனால் பக்ரறிக்காரனான எனக்கு மற்றொரு வேலைதான் கூடுதலாக ஈர்க்கிறது. 2007இல் விஞ்ஞானிகள் ஒரு புதுவகை வெடிப்பை அறிவித்தார்கள். வானத்தில் எங்கிருந்தோ ஒரு செக்கனின் ஆயிரத்தில் சில பங்கு நேரம் மட்டும் ஒரு வானொலித் துடிப்பு வந்து மறையும். ஒரு தட்டு மட்டும் பிடித்தால் திசை சரியாகத் தெரியாது. ஊர் முழுக்கக் கேட்ட வெடிச்சத்தம் எந்த வளவுக்குள் என்று தெரியாததுபோல. சில துடிப்புகள் ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப வருகின்றன என்று தெரிந்ததும், தட்டுகளைச் சேர்த்துக் காத்திருந்து பிடித்தார்கள். 2017இல் ஒன்று 300 கோடி ஒளியாண்டு தூரத்திலுள்ள ஒரு குட்டி மண்டலத்தில் என்று அறிவித்தார்கள். 2020இல் இன்னொன்று, 50 கோடி ஒளியாண்டில், எங்கள் பால்வீதியைப் போன்ற ஒரு சுருள் மண்டலத்தில். 2022இல் வேறொன்று, 1.2 கோடி ஒளியாண்டில், கிழட்டு நட்சத்திரங்கள் நெருங்கிக் கிடக்கும் ஒரு கொத்துக்குள். இளம் நட்சத்திரங்களின் வேலை என்று நினைத்திருந்தவர்களுக்கு இது பெரிய தலையிடி. எது அந்தச் சத்தத்தைப் போடுகிறது என்பது இன்னும் முழுதாகத் தீராத கேள்வி. இடம் தெரிந்தபடியால்தான் கேள்வியே சரியாக வந்தது.

திரும்ப முன்னர், முகாமிலேயே நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். அம்மா பிறந்த கொட்டில் இருந்த இடத்தை நண்பர் தேடினார். கொட்டில்கள் பெரும்பாலும் இல்லை. புல்லில் மண்ணைக் கொஞ்சம் உயர்த்தி, எங்கெங்கே இருந்தன என்று அடையாளம் வைத்திருக்கிறார்கள். ஒன்றில் ஏறி நின்று, "இங்கேயாகத்தான் இருக்கும்" என்றார். பிறகு கற்கள் நட்ட திடலுக்கு வந்தோம். 102,000 பேருக்கும் பெயர் இருக்கிறது. எந்தத் திகதியில், எந்தப் புகையிரதத்தில் என்று இருக்கிறது. கொன்றவர்கள் எழுதி வைத்த பட்டியலும் அதற்கு உதவியது. எனக்கு அப்போது பொறாமைபோல ஒரு உணர்வு வந்தது. எழுதவே கூசுகிறது, ஆனால் வந்தது உண்மை. அண்ணா 2009 வைகாசியில் சனத்துக்குள் எங்களிடமிருந்து பிரிந்தவர். பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. கொப்பியை அவர்தான் வைத்திருந்தார்.

நண்பர் என்ன என்று கேட்டார். அண்ணாவின் மணிக்கூட்டுக் கதையைச் சொன்னேன். நாலு வருடத்தில் முதன்முறையாக. அவர் கனநேரம் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "உன் மாமா எங்கே?" என்று கேட்டார். கனடாவில் என்றேன். "அவருடைய கொப்பி?" என்றார். மாமாவிடம் நான் அதை ஒருநாளும் கேட்கவில்லை.

ட்விங்கலோவிலிருந்து திரும்பும் வழியில், பெருந்தெரு ஏறிய பிறகுதான் கைத்தொலைபேசியைத் திறந்தேன். அம்மா ஒன்பது தரம் எடுத்திருந்தா. அவ வவுனியாவில், அங்கே இரவு ஒன்பது மணியாகிறது. ஒருவருடைய தொடர்பு சில மணித்தியாலம் அறுந்தால் அம்மாவுக்கு அந்த வைகாசி மாதம் திரும்ப வந்துவிடும். நான் தயங்கியது இதனால்தான்.

"ஏன் ராசா போனை நிப்பாட்டி வைச்சனி? எனக்கு உயிரே போட்டுது."

"அம்மா, நான் போன இடத்தில போன் வைச்சிருக்கேலாது. வானத்தில இருந்து வாற சத்தத்தைக் கேக்கிற இடம். போனின்ர சத்தம் அதைக் குழப்பிப்போடும்."

"வானத்தில இருந்து என்ன சத்தம்?"

எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். ஒவ்வொரு நாட்டிலும் இருக்கிற தட்டுகள், ஒரே நேரம் காட்டும் மணிக்கூடுகள், பிறகு எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்துப் பார்ப்பது. அம்மா கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

"கொண்ணனும் உப்பிடித்தான் மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு கொப்பியில என்னவோ எழுதுவான்" என்றா.

"ஓமம்மா. மாமான்ர நம்பரை ஒருக்கால் அனுப்பிவிடுங்கோ, என்னட்டை இருந்தது பழசு."

"அனுப்புறன். நீ சாப்பிட்டியோ?"

இல்லை என்றேன். நண்பர் அடுத்த ஊரில் உருளைக்கிழங்குப் பொரியல் கடையில் காரை நிறுத்தினார்.